சம்பள வேலையை விட்டுட்டு, சம்பளமில்லாத உதவி இயக்குநரா போகலாமா?

தறிச்சத்தம்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 26 வயசு. ஊர் சங்கரன்கோவில் பக்கம், வீட்ல ரெண்டு விசைத்தறி ஓடுது. நான் இப்போ தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில பில்லிங்ல இருக்கேன். கையில 17,000 வருது. வடபழனியில நாலு பேர் சேர்ந்திருக்கிற ரூம்ல என் பங்கு 4,000. அப்பா வாங்கின தறிக் கடனுக்கு ஊருக்கு 6,000 அனுப்பணும். மிச்சத்துலதான் சாப்பாடு, பஸ் எல்லாம்.

கடை விட்டு வந்து ராத்திரியில எழுதி எழுதி ஒரு திரைக்கதை முடிச்சிருக்கேன். கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்துற நேரத்துல ஒரே வீட்டுக்குள்ள அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம் நிக்கிற கதை. இப்போ ஒரு இயக்குநர் ஆபீஸ்ல உதவியாளரா வரச் சொல்றாங்க. கதை டிஸ்கஷன்தான் நடக்குது, தயாரிப்பாளர் இன்னும் முடிவாகல. ஷூட்டிங் ஆரம்பிச்சாதான் பேட்டா, அதாவது தினப்படி. கூடவே என் கதையோட பிடிஎஃப்பை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லிக் கேக்குறார் அங்க இருக்கிற கோ-டைரக்டர். வேலையை விடலாமா? கதையை அனுப்பலாமா? இதை விட்டா அடுத்து எப்போ கூப்பிடுவாங்கன்னு பயமா இருக்கு.

கிளாப்போர்டு:
சேருங்க தம்பி, ஆனா இப்போ வேணாம். நான் உதவி இயக்குநர். நாலு பக்கம் எழுதின காட்சி, வெளிச்சம் போகப்போகுதுன்னதும் ஸ்பாட்ல எப்படி ஒரே ஷாட்டா சுருங்குதுன்னு பக்கத்துல நின்னு பார்த்தாதான் புரியும். அதுக்காகவாவது ஒரு படத்துல வேலை பார்க்கணும். தயாரிப்பாளர் அட்வான்ஸ் கொடுத்து, ஷூட்டிங் தேதி குறிச்ச பிறகு போங்க. தயாரிப்பாளரே இல்லாத டிஸ்கஷன் வருஷக்கணக்கா இழுக்கும்.

வளசை_வசனம்:
தம்பி, நான் சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன். உங்கள் ஆசை இயக்கமா, எழுத்தா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எழுத்து என்றுதான் தெரிகிறது. தமிழ் சினிமாவில் பெரும்பாலும் இயக்குநரே எழுதிக்கொள்கிறார். அதனால்தான் எழுத வருகிற பிள்ளைகளையும் உதவி இயக்குநர் வரிசையில் நிற்க வைக்கிறார்கள். ஆனால் எழுத்துக்கென்றே காசு கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன.

சீரியலில் கதைக்கு ஒருவர், திரைக்கதைக்கு ஒருவர், வசனத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறார்கள். வசனத்துக்கு எபிசோடு கணக்கில் கூலி. எனக்குச் சாயங்காலம் சீன் ஆர்டர் வரும். "சமையலறை, பகல். மருமகள் தாலிச் சங்கிலியை அடகு வைத்தது மாமியாருக்குத் தெரிகிறது" என்று ஒரே வரி. மறுநாள் காலை கால்ஷீட்டுக்குள் அது முழு வசனமாக ஸ்பாட்டில் இருக்க வேண்டும். இந்தக் காட்சிக்கு நான் நகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. மாமியார் அவள் கழுத்தில் கிடக்கும் மஞ்சள் கயிற்றைப் பார்க்கிறாள், "காபிக்குச் சர்க்கரை போட்டியா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். டைரக்டர் அப்படியே எடுத்தார். சீரியல்தானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். தினமும் எழுதி, எழுதியதை மறுநாளே நடிகர் வாயில் கேட்கும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

இன்னொன்று டப்பிங் வசனம். தெலுங்கு, இந்தி, கொரியன் என்று தொடர்கள் தமிழுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. உதட்டசைவுக்குப் பொருந்தணும். திரையில் உதடு மூடுகிற இடத்தில் உங்கள் வரியில் ப-வோ ம-வோ விழணும். வேலை நுணுக்கமானது, வீட்டிலிருந்தே செய்யலாம். பணம் மட்டும் தாமதமாகத்தான் வரும், அதை நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

அதனால் கடை வேலையை விடவே வேண்டாம். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்குது, சமாளிச்சுக்கலாம் என்று ரூமில் யாராவது சொல்வார்கள். உங்கள் வயிற்றை அப்படிச் சமாளிக்கலாம், ஊருக்குப் போகிற 6,000-ஐ எதை வைத்துச் சமாளிப்பது? அப்பாவை வட்டிக்காரன் கேட்கிற நேரத்தில் அடுத்தவர் கதைக்கு சீன் யோசிக்க யாருக்கும் மனசு ஓடாது. வார லீவில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை, நிம்மதியாக உட்கார்ந்து எழுதலாம். லேப்டாப் இல்லையென்றால் போனில் கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும். வசனத்துக்கு அது ரொம்பவே நல்லது, வாயில் வராத வரி அப்போதே தெரிந்துவிடும்.

பத்திரப்பதிவு:
பிடிஎஃப் விஷயத்துக்கு வர்றேன். பதியாம அனுப்பாதீங்க. எழுதி முடிச்ச நிமிஷமே காப்புரிமை உங்களுதுதான். பதிவு, தகராறு வந்தா காட்டுற சாட்சி. காப்புரிமை அலுவலக இணையதளத்துலயே இலக்கியப் படைப்புன்னு விண்ணப்பிக்கலாம், 500 ரூபாய். தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்துலயும் பதியலாம், உறுப்பினர் விதிமுறையை நேர்ல போய்க் கேளுங்க. 2018-ல 'சர்க்கார்' கதை பிரச்சினை வந்தப்போ, 2007-லயே சங்கத்துல பதிஞ்சு வச்சிருந்ததுதான் புகார் கொடுத்தவருக்குக் கை கொடுத்தது.

வெறும் ஒன்லைனை, அதாவது ஒரு வரிக் கதைக்கருவைப் பதிஞ்சு பிரயோஜனமில்ல. கருவுக்குக் காப்புரிமை கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் 1978-லயே சொல்லிடுச்சு. காட்சி காட்சியா, வசனத்தோட இருக்கிற முழு திரைக்கதையைப் பதியுங்க. கதையை விலைக்குக் கேட்டா வாய்ப்பேச்சு செல்லாது. உரிமை மாத்திக் கொடுக்குறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா சட்டப்படி 5 வருஷம்தான்.

தறிச்சத்தம்:
ரொம்ப நன்றி. 500 ரூபாயை இந்த மாசமே கட்டிடுறேன். தயாரிப்பாளர் முடிவானதும் வர்றேன்னு ஆபீஸ்ல சொல்லப்போறேன். அக்கா, டப்பிங் வசனத்துக்குன்னு போய்க் கேட்டா, கையில என்ன காட்டுறது?

வளசை_வசனம்:
வேறு மொழித் தொடர் ஒன்றில் ரெண்டு நிமிடக் காட்சி எடுங்கள். மூன்று பேராவது பேசுகிற காட்சியாக இருக்கட்டும். சத்தத்தை நிறுத்திவிட்டு உங்கள் தமிழை உரக்கச் சொல்லிப் பாருங்கள். திரையில் வாய் நிற்கும்போது உங்கள் வரியும் நிற்கணும். பொருந்தியதும் எந்த நொடியில் எந்த வரி என்று பக்கத்தில் குறித்துத் தட்டச்சு செய்து எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். நான் எழுதுகிற டப்பிங் ஸ்டூடியோவில் வசனம் சரிபார்க்கிறவரிடம் கொடுக்கிறேன்.