மரியோ கோல்ஃப் (நின்டெண்டோ 64): பேட்டரி மாற்றியும் சேவ் நிற்கவில்லை

வணக்கம். நின்டெண்டோ 64 வீடியோ கேம் மெஷினுக்கு 1999இல் வந்த மரியோ கோல்ஃப் கார்ட்ரிட்ஜ், வட அமெரிக்கப் பதிப்பு. நான் இருப்பது டொரன்டோவில். மூன்று வாரம் முன்பு பழைய பொருள் கடையில் வாங்கினேன். ஆட்டம் அருமையாக ஓடுகிறது, ஆனால் சேவ் (ஆடிய வரை சேமித்து வைப்பது) மட்டும் தங்குவதில்லை.

ராத்திரி லூயிஜியைத் தோற்கடித்து, அடுத்து யோஷியையும் முடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் போட்டால், தோற்கடித்துச் சேர்த்த அந்த இருவரும் இல்லை; பழையபடி தேர்ந்தெடுக்க பிளம், சார்லி, பீச், குட்டி மரியோ என்று நாலே பேர். அணைத்து ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி போட்டால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் தாண்டினால் போச்சு.

முதலில் கார்ட்ரிட்ஜின் பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன். கறுப்பாக அழுக்கு வந்ததுதான் மிச்சம். அப்புறம் 3.8 மி.மீ. கேம்பிட்டால் (கார்ட்ரிட்ஜ் திருகுக்கான தனி ஸ்க்ரூடிரைவர் முனை) திறந்து, பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, சால்டர் செய்ய உலோகக் காது வைத்த புது சிஆர்2032 பட்டன் பேட்டரி வைத்து சால்டர் செய்தேன். பிளஸ், மைனஸ் இரண்டு தடவை சரிபார்த்தாயிற்று. மல்டிமீட்டரில் பேட்டரி 3.2 வோல்ட் காட்டுகிறது, மறுநாளும் அதேதான். இதே மெஷினில் என்னுடைய இன்னொரு ஆட்டமான எஃப்-ஜீரோ எக்ஸ் தன் சேவ்களை ஒழுங்காக வைத்துக்கொள்கிறது, அதுவும் பேட்டரி கார்ட்ரிட்ஜ்தான். அதனால் மெஷின் மேல் சந்தேகம் இல்லை. என் சால்டரிங் மேல்தான் கொஞ்சம்.

கார்ட்ரிட்ஜ் வெளியே இருக்கும்போது பேட்டரியின் 3 வோல்ட் நினைவக சிப் வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்க, போர்டில் எந்த இரண்டு புள்ளிகளில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும்?