கலைச்சொல்: 'ரெடினஸ் மானிட்டர்' (வெள்ளிக்குள் வேண்டும்)

பழங்காநத்தத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். எஞ்சின் மாற்றிய கார்களின் புகைச் சோதனை பற்றிய பாடம் ஒன்று ஐ.டி.ஐ. மாணவர்களுக்காகத் தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரும்பகுதி கலிஃபோர்னியா விதிகள். புது எஞ்சின், காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அதற்குரிய மாசுக்கட்டுப்பாட்டு உறுப்புகள் அத்தனையும் கூடவே ஏற வேண்டும். ரெஃப்ரீ (அங்கே இந்த மாதிரி வண்டிகளைச் சரிபார்க்கும் அதிகாரி) பார்த்து ஒட்டுவில்லை ஒட்டுவார். இதுவரை தடையில்லை. 'ரெடினஸ் மானிட்டர்' வந்ததும் நின்றுவிட்டது. இப்போதைக்கு 'ஆயத்தநிலைக் காட்டி' என்று போட்டிருக்கிறேன். திருத்துங்கள்.

கப்பலூரிலிருந்து, பட்டறை:

'காட்டி' வேண்டாங்க ஐயா. மீட்டர், விளக்கு என்று மாணவன் டேஷ்போர்டில் தேடுவான். இது ஈ.சி.யூ., அதாவது எஞ்சினை நடத்துகிற கணினி, தன் உறுப்புகளைத் தானே சோதிக்கிற வேலை. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்டுக்கு ஒன்று, ஆக்சிஜன் சென்சாருக்கு ஒன்று, டேங்க் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் ஈவாப்புக்கு ஒன்று. 'ரெடி' என்றால் உறுப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, சோதனை ஓடி முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். உறுப்பு கெட்டிருந்தால் அதற்குக் கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்) தனியாக வரும்.

பேட்டரி வயரைக் கழற்றினாலும் ஸ்கேனரில் கோடு அழித்தாலும் எல்லாம் 'நாட் ரெடி' ஆகிவிடும். கோடு அழித்த கையோடு சோதனைக்குப் போகிறவன் திரும்பி வருவது இதனால்தான். கலிஃபோர்னியாவில் 2000 அல்லது அதற்குப் பிந்திய பெட்ரோல் கார் என்றால் ஈவாப் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். 1996 முதல் 1999 வரையான கார்களுக்கு ஏதாவது ஒன்று.

செல்லூரிலிருந்து, தமிழாசிரியர் (ஓய்வு):

'ஆயத்தம்' வடசொல். 'தயார்' அதற்கும் வடக்கே பாரசீகம், அரபு வழியாக வந்தது. நம்மிடம் சொல் இல்லாமலா? தெள், தெளி, தேறு எல்லாம் ஒரே வேர். ஐயம் நீங்கினால் தெளிவு, ஆய்ந்தபின் வருவது தேற்றம். தொல்காப்பியம் ஏகாரத்தின் பொருள்களில் தேற்றத்தை முதலில் வைக்கிறது. பரீட்சையில் 'தேறினான்' என்பதும் இதுவே. ஆகவே 'தேறல்' என்று முன்மொழிகிறேன். கேட்டலிஸ்டுத் தேறல், ஆவித் தேறல். ஓசையும் நயமாக இருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து:

புலவரே, சங்கப் பாட்டில் தேறல் என்றால் தெளிந்த கள். ஆவித் தேறல் என்று அச்சடித்தால் மதுவிலக்குப் போலீஸ் புத்தகத்தைத் தேடி வரும். தவிர, 'தேறினான்' என்றால் பாஸ். பட்டறைக்காரர் இப்போதுதான் சொன்னார், இது பாஸ் இல்லை, பரீட்சை எழுதி முடித்த நிலை மட்டும் என்று. 'முடிநிலை' போதும்.

செல்லூரிலிருந்து:

'முடிநிலை' வினைத்தொகை. முடிந்த நிலை, முடிகின்ற நிலை, முடியும் நிலை மூன்றும் அதற்குள் அடங்கும். இங்கே கேள்வியே முடிந்ததா இல்லையா என்பது. காலம் காட்டாத தொகையை அங்கே வைப்பீர்களா?

உசிலம்பட்டியிலிருந்து:

இத்தனை பாடு எதற்கு? நம்ம ஊர்ப் புகைச் சான்று கொடுக்கிறவர் இதைக் கேட்பதே இல்லை. குழாயை சைலன்சருக்குள் விடுகிறார், அவ்வளவுதான். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) பெட்ரோல் கார் என்றால் ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுகையில், கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். நிமிடத்துக்கு 2500 சுற்றில் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா (காற்று-எரிபொருள் விகித அளவு) 0.97 முதல் 1.03. எஞ்சின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பதைத்தான் மாணவனுக்கு முதலில் சொல்ல வேண்டும். 'ரெடினஸ்' என்றே எழுதிவிட்டுப் போங்கள்.

கப்பலூரிலிருந்து:

அந்த லாம்டாவே தகராறு செய்யும்போது எங்கே பார்ப்பீர்கள் அண்ணே? எஞ்சின் மாற்றும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் சரியாக உட்காராமல் சென்சாருக்கு முன்னால் காற்று உறிஞ்சினால், ஈ.சி.யூ. 'லீன்' (எரிபொருள் குறைவு) என்று நினைத்து எரிபொருளைக் கூட்டும். மோனாக்சைடு ஏறும். சர்டிபிகேட்காரர் கேட்காவிட்டாலும் ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கிறவனுக்குக் காரணம் சீக்கிரம் சிக்கும்.

பாடத்தில் இவற்றையும் சேருங்கள் ஐயா. எஞ்சின் மாற்றிய வண்டியில் சோதனை முடியாமலே கிடப்பதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். பழைய கியர்பாக்ஸ் வேக சிக்னலைப் புது ஈ.சி.யூ.வுக்குக் கொடுக்காது. வண்டி நிற்கிறது என்றே ஈ.சி.யூ. நினைத்துக்கொண்டிருந்தால் கேட்டலிஸ்டு சோதனை தொடங்கவே தொடங்காது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருந்தால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது. இடம் பத்தவில்லை என்று கேட்டலிஸ்டைக் கீழே தள்ளிப் பொருத்தினால் அது சூடேறத் தாமதமாகும். ஈவாப்புக்கு ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர், அதை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு, டேங்க் பிரஷர் சென்சார் மூன்றும் எஞ்சின் வந்த வண்டியில் இருந்தபடி வேண்டும்.

ஓட்டும் முறை: இரவு முழுக்க நிறுத்தி ஆறவிட வேண்டும். டேங்க் காலுக்கு மேல், முக்காலுக்குக் கீழ். ஐடிலில் சிறிது நேரம், பிறகு விருதுநகர் நாலு வழிச்சாலையில் சீரான வேகம், நடுவில் பிரேக் தொடாமல் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைய விட வேண்டும். மிச்சம் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சூடு கூடினால் பல வண்டிகளில் ஈவாப் ஓடாது. சித்திரை வெயிலில் மதியம் கிளம்பிப் பிரயோஜனமில்லை, விடியலில் கிளம்ப வேண்டும்.

சொல் பற்றி: பட்டறையில் 'கேட் ரெடி, ஈவாப் பாக்கி' என்போம்.

பழங்காநத்தத்திலிருந்து:

மிக்க நன்றி, இரண்டு பத்தியும் அப்படியே சேருகின்றன. அப்படியானால் சோதனைக்கு 'தன்னாய்வு', திரையில் வருவதற்கு 'முடிந்தது / முடியவில்லை' என்று வைக்கலாமா?

திருமங்கலத்திலிருந்து:

'தன்னாய்வு' அருமை. 'முடியவில்லை' வேண்டாம். மதுரையில் 'முடியவில்லை' என்றால் உடம்புக்குச் சுகமில்லை. ஈவாப்புக்கு முடியலையாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்பான் பையன். உறுப்பு கெட்டதாகவே எடுத்துக்கொள்வான். அதைத்தானே தவிர்க்கப் பார்க்கிறோம்?

செல்லூரிலிருந்து:

'பாக்கி' அரபு. 'எச்சம்' இருக்கிறது. பெயரெச்சம், வினையெச்சம் போல, முடிவு வேண்டி நிற்பது எச்சம். 'ஈவாப் எச்சம்.'

உசிலம்பட்டியிலிருந்து:

பானெட்டில் காக்காய் போட்டதும் எச்சம்தான் ஐயா.

திருமங்கலத்திலிருந்து:

'நிலுவை'.

கப்பலூரிலிருந்து:

நிலுவை புரியும். வரி நிலுவை, வாடகை நிலுவை என்று எல்லோருக்கும் பழகியது. யார் மேலும் குற்றம் இல்லை, வேலை மீதி இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

பழங்காநத்தத்திலிருந்து:

சரி. 'தன்னாய்வு', நிலை 'முடிந்தது / நிலுவை'. ஸ்கேனர் திரையில் மாணவன் பார்க்கப்போவது ஆங்கில எழுத்து என்பதால் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ரெடினஸ் மானிட்டர்' என்பதையும் பக்கத்தில் போடுகிறேன். நாளை மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் அனுப்பிவிடுவேன்.

செல்லூரிலிருந்து:

மறுப்பு உண்டு. 'நிலுவை' கணக்குப்பிள்ளையின் சொல், பொறியியலுக்கு ஒட்டாது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் சொல்லடைவில் 'தேறல்' என்பதையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்கக் கோருகிறேன். அடுத்து, பாடம் முழுக்க 'எஞ்சின்' என்றே இருக்கிறதே, 'பொறி' என்ன ஆயிற்று?

உசிலம்பட்டியிலிருந்து:

எலி மாட்டியிருக்கும். அதை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பார்ப்போம்.