மறு: மறு: கீரை மணி முற்றிய நிலைக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம். வீட்டுத்தோட்டக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கீரை (தண்டுக்கீரை வகை) இயலில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இலைக்காக வளர்ப்பதில் தொல்லை இல்லை. விதைத்து மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம், அல்லது நுனியைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம். பூக்கதிர் எட்டிப்பார்ப்பதற்குள் முடித்துக்கொண்டால் சரி. தானியத்துக்காக வளர்க்கும்போதுதான் சிக்கல். செடி பச்சையாகவே நிற்கும், கதிர் நிறம்கூட மங்காது, ஆனால் உள்ளே மணி முற்றியிருக்கும். கதிரை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தால் பொலபொலவென்று கொட்டும். அந்த நிலைக்கு ஒரே சொல் வேண்டும். 'முதிர்ச்சி' என்று போட்டிருந்தேன். மெய்ப்பு பார்த்தவர் "எது, இலையா மணியா?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார்.

-----

> ஒரே சொல் வேண்டும்

வகுப்பில் நாங்கள் 'உடலியங்கியல் முதிர்ச்சி' என்கிறோம். ஆனால் அது உங்களுக்கு உதவாது. மணியின் எடை கூடுவது நின்றுவிட்டால் அந்த முதிர்ச்சி வந்துவிட்டது என்று பொருள். ஈரம் அப்போதும் இருக்கும். நீங்கள் கேட்பது கையில் கொட்டும் நிலை. இரண்டும் வேறு.

-----

தம்பி, இதற்கு ஏன் இத்தனை கலக்கம்? அறுக்கும் பதம், 'அறுபதம்'. வினைத்தொகை. முடிந்தது.

-----

ஐயா, முடியவில்லை. அறுபதம் என்றால் அகராதியில் வண்டு. ஆறு கால்! கையேட்டில் "அறுபதம் கண்டதும் கதிரை வெட்டவும்" என்று வந்தால் வாசகர் பூச்சியைத் தேடிக்கொண்டு நிற்பார்.

அதோடு, பதம் வடசொல் அல்லவா? 'பருவம்' இருக்கிறதே.

-----

பருவம் மட்டும் எந்த ஊர்ச்சரக்கு? அதைக் கிளப்பினால் அதுவே தனி இழையாகிவிடும். பதத்துக்கு வருகிறேன். இரண்டு பதம் உண்டு. காலும் சொல்லும் குறிக்கும் பதம் வடக்கிலிருந்து வந்தது. பக்குவத்தைக் குறிக்கும் பதம் நம்முடையது. கன்னடத்தில் 'ஹத', தெலுங்கில் 'பதனு' என்று உடன்பிறப்புகள் இருக்கின்றன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது இந்தப் பதம்தான்.

-----

சொல்லைப் பிறகு பார்க்கலாம், அந்தப் பழமொழி இங்கே ஆகாது. இந்தக் கதிரில் மணியெல்லாம் ஒன்றாக முற்றுவதில்லை. கீழே கொட்டத் தொடங்கும்போது நுனியில் இன்னும் பூ இருக்கும். ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துப் பார்க்கிறேன்: மாவாக நசுங்கினால் இளசு, நறுக்கென்று எதிர்த்தால் முற்றல். ஆனால் ஒன்றைக் கடித்துவிட்டு முழுக் கதிருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் தேய்த்துப் பார்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பூவடிச் செதில்கள் முள்ளாகக் குத்தும்.

நானும் கதிர் முழுக்கக் காயட்டும் என்று போன தடவை காத்திருந்தேன். பாதியைக் குருவி தின்றது, மீதி மண்ணில் கொட்டி அடுத்த மழைக்கு அங்கே கீரைக்காடு. இப்போதெல்லாம் வாளியைப் பிடித்துக்கொண்டு கதிரை அதற்குள் சாய்த்துத் தட்டி, விழுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாலு நாள் கழித்து மறுபடி.

-----

ஆகா, "தட்டி" என்றீர்களே! கதிர், அதிர், முதிர், உதிர், குதிர். ஐந்திலும் 'திர்' ஒலிப்பதைக் கவனியுங்கள். கதிர் அதிர, முதிர்ந்தது உதிர்ந்து குதிர் சேர்கிறது. முதிரில் மகரம் கெட்டுத்தான் உதிர் பிறந்திருக்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

-----

புதிரையும் எதிரையும் விட்டுவிட்டீர்கள், ஐயா. எதுகை வேறு, வேர் வேறு.

-----

நாளை வெள்ளி. வந்தவற்றில் உதிரையும் பதத்தையும் சேர்த்து 'உதிர்பதம்' என்றால் எனக்குப் பிடித்திருக்கிறது. "உதிர்பதம் பார்த்து அறுக்கவும்" என்று எழுதினால் விளக்கம் இல்லாமலே புரிகிறது. முதல் இடத்தில் மட்டும் 'கதிரைத் தேய்த்தால் மணி உதிரும் பதம்' என்று விரித்துப் போடுகிறேன். மறுப்பு உண்டா?

-----

சரி.

-----

சரி. 'உதிர்ப்பதம்' என்று ப் போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் மிகாது.

-----

என் மறுப்பு அந்த வினைத்தொகை மேல்தான். அதில் உதிர்ந்த, உதிர்கின்ற, உதிரும் மூன்றும் அடங்கும். உதிர்ந்த பதத்தில் போய் நின்றால் குருவிக்குத்தான் அறுவடை. 'உதிருமுன்' என்ற கருத்து சொல்லிலேயே இருக்க வேண்டும். எனக்கும் ஒன்று தோன்றவில்லை, ஆனால் இதை நான் ஏற்றுக்கொண்டதாக எழுதிக்கொள்ள வேண்டாம்.