சென்னையை விட்டுட்டு ராம்நாடு கடற்கரைப் பக்கமே வந்துரலாமா?

தேவிபட்டினத்தான்:
வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னதும் பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்கே வந்துட்டேன். யோசிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு சொல்றேன், வந்துருங்க. விடியக்காலைல கடலுக்குள்ள இருக்கற நவபாஷாணக் கோயில் பக்கம் போய் நில்லுங்க, நம்மது பெண்கடல், அதான் அலை கம்மியான பாக் நீரிணைப் பக்கம், கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து அடிக்கற மாசத்துல அலையே இருக்காது, ஊரணித் தண்ணி மாதிரி கிடக்கும், கரைல உக்காந்து நண்டு வலை பிரிக்கறவங்க பேசறது கூட அங்கிட்டு வரைக்கும் கேக்கும். வேளச்சேரில எதிர்வீட்டுக்காரர் பேரு கூட எனக்குத் தெரியாது, இங்க ஒரு நாள் காலைல கதவு திறக்கலைன்னா "என்னப்பா, உடம்பு கிடம்பு முடியலையா"ன்னு ஆள் வந்துருது. இந்த நிம்மதிக்கு நான் என்ன வேணா குடுப்பேன்.

பாம்பன் பய:
அண்ணே கோச்சுக்காதீங்க, உங்க சம்பளம் சென்னைல இருந்து வருது, அதை எடுத்துட்டு இதே பேச்சை பேசிப் பாருங்க. எங்கப்பா விசைப்படகுல கூலிக்குப் போறவரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்த ரெண்டு மாசமும் கரை ரொம்ப அமைதியாத்தான் கிடக்கும், அப்பதான் அம்மா நகை அடகுக்குப் போகும். தொழில் நடக்கற காலத்துலயும் வாரத்துல மூணு நாள்தான் விசைப்படகு போகுது, போனவங்க எல்லை தாண்டிட்டாங்கன்னு இலங்கைக்காரன் பிடிச்சுக்கிட்டுப் போயிருவானோன்னு ராத்திரி பூரா வீட்டுல யாரும் தூங்கறதில்ல. நான் அம்பத்தூர்ல ரூமுல நாலு பேரோட கிடக்கேன், ஆனா ஒண்ணாம் தேதி வீட்டுக்கு பணம் அனுப்பறேன், அதுதான் எனக்கு நிம்மதி.

கீழக்கரை லாத்தா:
தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் மண்ணடில இருக்கேன். ஊர்ல தொதல் அல்வா கிண்டற வாசத்துக்கே ஏங்கிப்போவேன், அது வேற. ஆனா தண்ணிக்கு என்ன பண்றது? சுத்தி உப்புத்தண்ணி, காவிரி கூட்டுக் குடிநீர் குழாய்ல எப்ப வருமோ அப்ப பிடிக்கணும், நம்ம ஜில்லா பூரா பொம்பளைங்க தள்ளுவண்டில குடத்தை அடுக்கிக்கிட்டு ரோட்டுல போறதை பாக்கறீங்கள்ல, தேவிபட்டினம் தம்பி, உங்க வீட்டுல அந்த வண்டிய யாரு தள்றா? வாப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப மதுரைக்கு கொண்டுபோங்கன்னுட்டாங்க, ராம்நாட்டுல இருந்தே 110 கிலோமீட்டருக்கு மேல, ஆம்புலன்ஸ்ல உம்மா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓதிக்கிட்டே வந்தாங்க. இப்ப 2022ல ராம்நாட்டுலயே மெடிக்கல் காலேஜ் திறந்துட்டாங்க, நல்ல விஷயம்தான், அதுக்கு முன்னாடி போன உயிரெல்லாம் போனதுதானே. அப்புறம் இன்னொண்ணு, ஆள் வந்து விசாரிக்குதுன்னு சந்தோஷப்படறீங்க, அதே ஆள் பொம்பளப்புள்ளை எங்க போச்சு எப்ப வந்துச்சுன்னும் விசாரிக்கும்.

தேவிபட்டினத்தான்:
லாத்தா, வண்டிய நானும் தள்றேன், நிஜமா சொல்றேன். தண்ணிக் கஷ்டம் ராம்நாட்டுக்கு மட்டும்னு சொல்லாதீங்க, 2019ல சென்னைல ஏரியெல்லாம் வறண்டு லாரிக்கு பின்னாடி குடத்தோட ஓடுனது மறந்துருச்சா? அங்கயும் கஷ்டம் இருக்கு, இங்கயும் இருக்கு, இங்க கூட நின்னு தூக்க ஆள் இருக்கு.

சின்னப்பாலத்துக்காரி:
கூட நிக்கறதப் பத்தி பேசறதால நானும் சொல்றேன். எங்கம்மா கடல்பாசி எடுக்கறவங்க. கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி எடுப்பாங்க, பாறை கிழிச்சு கையெல்லாம் தழும்பு. மன்னார் வளைகுடால 21 தீவு, 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்ச பிறகு தீவுப் பக்கம் போனா வனத்துறை பிரச்சனை. அப்பயும் இந்த பொம்பளைங்க ஒண்ணாக் கூடி உக்காந்து, மாசத்துல 12 நாள்தான் பாசிக்குப் போறது, மத்த நாள் பாசி வளரட்டும்னு அவங்களே கட்டுப்பாடு வச்சாங்க, எந்த ஆபீசரும் வந்து சொல்லல. எங்க ஊர் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015ல தீவுகளைக் காப்பாத்தற சீக்காலஜி அமைப்போட விருது வந்துச்சே, சும்மாவா குடுத்தாங்க. வருமானம் கொறையும்னு தெரிஞ்சே செஞ்சாங்க. நான் கோயம்புத்தூர்ல மூணு வருசம் ஹாஸ்டல்ல இருந்தேன், மெஸ்ல சோறு சரியில்லைன்னு கேக்கக் கூட பத்து பேர் சேர மாட்டாங்க. எனக்கு ஊர்ல பிடிச்சது அந்த ஒத்துமைதான். அமைதி பிடிச்சிருக்குன்னு வர்றவங்க அதுலயும் சேர்ந்துக்குங்க, கிராமசபைக்கு வாங்க, தண்ணிக்கு மனு எழுதிக் குடுங்க, உங்களுக்கு எழுதத் தெரியும்ல.

பாம்பன் பய:
அக்கா உங்கம்மாவுக்கு கும்பிடு, மனசாரச் சொல்றேன். ஆனா 2017ல தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாங்க, சனி ஞாயிறு ஆனா கார் வரிசை, போட்டோ எடுத்துட்டு பாட்டிலை மணல்லயே போட்டுட்டுப் போறாங்க. ஊரு அழகுதான், யாரு இல்லைன்னா? வாடைக் காத்து அடிக்கறப்ப பாம்பன் பாலத்து மேல நின்னவனுக்கு அதெல்லாம் சொல்லித் தரணுமா? என் தம்பி பத்தாவது படிக்கறான், படகுல ஏற மாட்டேங்கறான், அப்பாவும் ஏறாதடாங்கறாரு. இன்னும் அஞ்சாறு வருசத்துல அவனுக்கு மாசம் இருவதாயிரம் குடுக்கற வேலை பாம்பன்லயோ மண்டபத்துலயோ ராம்நாட்டுலயோ எங்க இருக்கு, அதைச் சொல்லுங்க அண்ணே, நான் இன்னைக்கே அம்பத்தூர் ரூமைக் காலி பண்றேன்.