எண்ணும்மை வரும் வாக்கியங்களில் சார்பு மரம் பிழையாகிறது: உதவி தேவை

கேள்வி
வணக்கம். சிங்கப்பூர் மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளில் வாக்கிய அமைப்பை ஆராய, ஸ்டான்சா என்னும் மொழி ஆய்வு மென்பொருளின் தமிழ் மாதிரியைக் கொண்டு சார்புப் பகுப்பாய்வு (எந்தச் சொல் எதைச் சார்கிறது என்று மரவடிவில் காட்டுவது) செய்து வருகிறேன். ‘அக்கா மீன் வாங்கினார்’ என்பதில் எழுவாயும் செயப்படுபொருளும் சரியாகவே அமைகின்றன. ‘தேக்காவில் அக்காவும் தங்கையும் மீன் வாங்கினார்கள்’ என்று எண்ணும்மை (‘உம்’ சேர்த்து அடுக்குவது) வரும்படி கொடுத்தாலோ, ‘தங்கையும்’ மட்டுமே எழுவாயாகிறது. ‘அக்காவும்’ அதற்கு அடைமொழிபோல் சேர்ந்துவிடுகிறது. கட்டுரைகளில் இடைவெளிகள் ஒழுங்கின்றி இருப்பதால், சொற்களை நானே பிரித்து, ‘ஏற்கெனவே பிரிக்கப்பட்ட உரை’ என்னும் அமைப்பில் உள்ளிடுகிறேன். எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி
வணக்கம். அந்த அமைப்புதான் காரணம் என்று கருதுகிறேன். ஸ்டான்சாவின் தமிழ் மாதிரி, டிடிபி என்னும் மரவங்கியில் (சார்பு மரம் குறிக்கப்பட்ட வாக்கியங்களின் தொகுப்பில்) பயிற்சி பெற்றது. யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் என்னும் பன்மொழிக் குறியீட்டுத் திட்டத்தைச் சேர்ந்த அதில் ‘உம்’ தனிச் சொல்லாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உங்கள் அமைப்பு அப்பிரிப்பைத் தவிர்த்துவிடுவதால், மாதிரி கற்ற எண்ணும்மை வடிவம் உள்ளீட்டில் இல்லாமலே போகிறது. இடைவெளிகளை மட்டும் சீர்செய்துவிட்டு, சொற்பிரிப்பை ஸ்டான்சாவிடமே விடுங்கள்.

விடையைச் சரிபார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தமிழில் தலைச்சொல் (பிற சொற்கள் சாரும் சொல்) பெரும்பாலும் பின்னால் வந்தாலும், யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் திட்டத்தின் விதிப்படி இணைப்பில் முதற்சொல்லே தலை. ஆகவே ‘அக்கா’ வினைமுற்றையும், ‘தங்கை’ ‘அக்கா’வையும் சார்வதே சரியான மரம்.

கேட்டவர்
மிக்க நன்றி. எண்ணும்மை சரியாகிவிட்டது. ஆயினும் ‘நேற்று ஜூரோங்கில் வாங்கிய மீனை அக்கா இன்று சமைத்தார்’ என்பதில் ‘நேற்று’ இன்னமும் ‘சமைத்தார்’ என்பதையே சார்கிறது.

மறுமொழி
இது வேறு வகைச் சிக்கல்; அமைப்பை மாற்றித் தீராது. ‘நேற்று’ பெயரெச்சத்தைச் சார்ந்தாலும் வினைமுற்றைச் சார்ந்தாலும் சார்பைக் காட்டும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை என்பதால், மரத்தின் வடிவம் இரண்டையும் ஏற்கிறது. பின்னால் வரும் ‘இன்று’ ஒன்றே பொருளைத் தெளிவாக்குகிறது. அந்த மரவங்கியிலோ மொத்தம் 600 வாக்கியங்கள்தாம். பயிற்சிக்குரியவை 400, அவையும் செய்தி நடையில் அமைந்தவை. மாணவர் கட்டுரைகளிலிருந்து பெயரெச்சத்திற்கு முன் காலப்பெயர் வரும் வாக்கியங்களைத் தேர்ந்து, அதே விதிகளின்படி கையால் குறித்து, பயிற்சித் தரவோடு சேர்த்து மாதிரியை மீண்டும் பயிற்றுவியுங்கள். சோதனைக்கென ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். அதைப் பயிற்சியில் கலந்துவிட்டால் கிடைக்கும் மதிப்பெண்ணை நம்ப முடியாது.