அம்மாவுக்கு முதுகுத்தண்டு மெனிஞ்சியோமா: ஒட்டிய இடத்தைச் சுட்டு விட்டார்களாம், திரும்ப வருமா?

கடையத்துப் பையன்:
அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறார். இரண்டு வருஷமாகக் கால் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளூரில் மூட்டுத் தேய்மானம் என்று ஊசி போட்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள். கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தால் நெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் டி7 முதுகெலும்புக்கு நேராகக் கட்டி. போன மாதம் ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார். பயாப்சியில் ‘மெனிஞ்சியோமா, கிரேடு 1’, அதாவது தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் வளரும் கட்டியாம். டிஸ்சார்ஜ் தாளில் ‘சிம்ப்சன் கிரேடு 2’. கட்டியை முழுசாக எடுத்தாச்சு, ஒட்டியிருந்த இடத்தைச் சுட்டு விட்டோம் என்றார் டாக்டர். அதையும் வெட்டி எடுத்திருக்கக் கூடாதா? திரும்ப வருமா? தரையில் உட்கார்ந்து பீடி சுற்றலாமா என்று அம்மா தினமும் கேட்கிறார்.

அம்பை டீச்சர்:
தம்பி, எனக்கு 2013-இல் இதே ஆபரேஷன். டி5, அப்போது வயது 51. ஒரு பங்குனி மதியம் ஸ்கூல் விட்டு வருகிறேன். பின்னால் வந்த பிள்ளை, “டீச்சர், உங்க செருப்பு” என்று நீட்டுகிறது. குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். தார் ரோட்டில் பத்தடி நடந்திருக்கிறேன், கழன்றதும் தெரியவில்லை, சுட்டதும் தெரியவில்லை. அதற்கு முன்னால் எனக்கும் ஒன்றரை வருஷம் மூட்டு வைத்தியம்தான். அதனால் உங்கள் ஆற்றாமை எனக்குப் புரிகிறது.

இரண்டு கிரேடையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பயாப்சி கிரேடு கட்டியின் குணம். 1 என்றால் மெதுவாக வளர்வது, புற்று அல்ல. சிம்ப்சன் என்பது எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கு. டொனால்ட் சிம்ப்சன் என்ற சர்ஜன் 1957-இல் மூளை மெனிஞ்சியோமாவுக்காக வகுத்தது. கட்டி ஒட்டிய டியூராவையும், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் வெளிச் சவ்வையும், சேர்த்து வெட்டினால் 1, வெட்டாமல் சுட்டால் 2.

சுட்டதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். கட்டி தண்டுவடத்துக்கு முன்பக்கம் ஒட்டியிருந்தால், தண்டுவடத்தை இழுத்து ஒதுக்கிவிட்டு அங்கே வெட்ட முடியாது, கால் போய்விடும். வெட்டினாலும் ஓட்டைக்கு ஒட்டுப்போட்டு அடைக்க வேண்டும், தண்டுவட நீர் கசியும் ஆபத்து உண்டு. எனக்கும் சுட்டுத்தான் விட்டார்கள்.

திரும்ப வருமா? கிரேடு 1, முழுசாக எடுத்தாச்சு என்றால் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. பல ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் கீழே. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த சில ஆய்வுகளில், சுட்டு விட்டவர்களுக்கு வெட்டி எடுத்தவர்களைவிடக் கூடுதலாக வந்திருக்கிறது. மெதுவாக வளரும் கட்டி, திரும்பி வந்தாலும் மெதுவாகத்தான் வரும். எனக்கு மூணாம் மாசம் ஒரு ஸ்கேன், அப்புறம் ஐந்து வருஷம் வருஷாவருஷம், இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. ஐந்தாம் வருஷம் வீட்டில், “நல்லாத்தானே இருக்கே, எதுக்குத் திரும்பத் திரும்பக் குழாய்க்குள்ள போய்ப் படுக்கிறே?” என்றார்கள். நான் விடவில்லை. அம்மாவையும் விட விடாதீர்கள்.

பாளை பிசியோ:
டீச்சர் சொன்னது சரி. உட்காருவதால் கட்டி திரும்ப வராது, அந்தப் பயமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் கட்டியை எட்ட முதுகெலும்பின் பின்பகுதியைத் திறந்திருப்பார்கள், தசை ஆற வேண்டும். சுளகை மடியில் வைத்துக் குனிந்து மணிக்கணக்காக உட்காருவதைச் சர்ஜன் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். அப்புறமும் நாற்காலியில் உட்கார்ந்து, சுளகை மேசைமேல் வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்தால் நல்லது. உணர்ச்சி முழுசாகத் திரும்பும்வரை வெந்நீரைக் காலில் ஊற்றும் முன் வேறு யாராவது கைவிட்டுப் பார்க்கட்டும். ராத்திரி உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கடையத்துப் பையன்:
ரொம்ப நன்றி டீச்சர், சார். நேற்று பார்த்தபோது இடது குதிகாலில் சின்னக் கொப்புளம். அம்மாவுக்குத் தெரியவே இல்லை. பழைய ஸ்கேன் பிலிம் மட்டும்தான் கையில் இருக்கிறது, போதுமா?

அம்பை டீச்சர்:
கொப்புளத்தை உடைக்காதீர்கள், நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பிலிம் போதாது தம்பி, ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தழும்பா, புதுசாக வளர்வதா என்று பிரிக்க முடியும். என்னுடையது எல்லாம் ஒரு மஞ்சப்பையில், பீரோ மேல்தட்டில் இருக்கிறது.