அணியின் இணையதளம்: கைப்பேசிக்கேற்பப் புதுப்பிப்பதா, செயலியே போதுமா?

எல்லைக்கோடு:
நம் அணியின் இணையதளம் கணினித் திரையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. கைப்பேசியில் திறந்தால் எழுத்துகள் எறும்பாகச் சுருங்குகின்றன. ஸ்கோரைப் பார்ப்பதற்குள் விளம்பரக் காணொளி தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. தளத்தைப் புதிதாகக் கட்டுவதா, அதை விட்டுவிட்டுச் செயலி ஒன்றை வெளியிடுவதா என்று நிர்வாகம் ரசிகர்களிடம் கேட்டிருக்கிறது. தளத்தையே கட்ட வேண்டும் என்பது என் கட்சி. திரையின் அகலத்துக்கேற்ப ஒரே பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை இணைய வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010இலேயே எழுதிக்காட்டிவிட்டார். நாம் இன்னும் இரண்டு விரல்களால் திரையை விரித்துக்கொண்டிருக்கிறோம்.

மேல்மாடம்:
நீங்கள் சொல்லும் நோயை மறுக்கவில்லை, மருந்தைத்தான் மறுக்கிறேன். ரசிகருக்கு வேண்டியவை கோல் விழுந்த கணத்தில் ஓர் அறிவிப்பு, நுழைவுச்சீட்டு, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காத கணக்கு ஆகியவையே. ஆட்ட நாளன்று அரங்கில் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுக்கும்போது இணைப்பு திணறும். அப்போது செயலிக்குள் சேமிக்கப்பட்ட சீட்டுதான் வாயிலில் கைகொடுக்கும், இணையப் பக்கம் சுழன்றுகொண்டே நிற்கும்.

எல்லைக்கோடு:
நெரிசலைப் பற்றிய வாதம்தான் இதன் உயிர்நிலை; ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. செயலி இல்லாத ஒருவர் அதே நெரிசலில் நின்று அதைத் தரவிறக்கித்தான் உள்ளே வர வேண்டுமா? உலாவியின் சர்வீஸ் வொர்க்கர் வசதியால், ஒருமுறை திறந்த பக்கத்தை இணைப்பு இல்லாதபோதும் காட்டும்படி சேமித்து வைக்கலாம். சீட்டைக் கைப்பேசியில் அட்டைகளையும் சீட்டுகளையும் சேமித்து வைக்கும் வாலட்டில் சேர்க்கவும் இணையப் பக்கத்திலிருந்தே வழி உண்டு. பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. முகப்பில் சுழலும் பெரிய படங்களை எடுத்துவிட்டு, ஸ்கோரையும் அடுத்த ஆட்டத்தின் நேரத்தையும் வெறும் எழுத்தாக முதலில் அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

மேல்மாடம்:
அறிவிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லையே. ஐபோனில் இணையதளங்கள் அறிவிப்பு அனுப்புவதற்கு 2023 மார்ச்சில் வந்த அதன் இயங்குதளத்தின் (iOS) 16.4 பதிப்பில்தான் வழி பிறந்தது. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டும். எத்தனை ரசிகர்கள் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள்?

பழஞ்சுவடி:
இருவரும் ஆட்ட நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். மற்ற நாள்களில் நான் அந்தத் தளத்துக்குப் போவது பழைய ஆட்டங்களின் அறிக்கைகளுக்காக. புதுப்பிக்கிறோம் என்று சொல்லி முகவரிகளை மாற்றிவிட்டால், ரசிகர்கள் பல ஆண்டுகளாகப் பகிர்ந்த இணைப்புகள் அனைத்தும் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையில் போய் முட்டும். பழைய முகவரி ஒவ்வொன்றையும், வருபவரைத் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 திருப்புதல் வழியாகப் புதியதோடு இணைப்பது சலிப்பூட்டும் வேலை; ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். மேலும், புள்ளிவிவர அட்டவணையின் பாதி நெடுவரிசைகளைக் கைப்பேசியில் ஒளித்துவிடுவதை எளிமை என்று நான் ஏற்கமாட்டேன். பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க விடுங்கள்.

எல்லைக்கோடு:
அட்டவணையில் எனக்கும் அதே எண்ணம்தான். மேல்மாடம் அவர்களே, அறிவிப்பில் செயலிதான் முந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேடுபொறி வழியாகவோ நண்பர் அனுப்பிய இணைப்பு வழியாகவோ முதன்முறை வருபவர் நுழையும் வாசல் இணையதளம்தான். செயலியை நிறுவுகிறவர் ஏற்கெனவே நம் ஆள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டென்றால் வாசலை முதலில் சரிசெய்வேன்.

மேல்மாடம்:
சீட்டு வாலட்டில் சேரும் வசதி புதிய தளத்தில் முதல் நாளிலேயே இருக்கும் என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும். அதுவரை என் வாக்கு செயலிக்கே.